போகாத தீவுக்கு வழி சொல்கிறேன்

டிராவல்ஸ் நடத்துபவர்களுக்கு எங்கேயும் போக மட்டும் நேரம் கிடைக்காது. ஏற்காடு பஜாரில் உட்கார்ந்துகொண்டு இலங்கைக்கு ஆள் அனுப்புகிறேன். என் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட விழவில்லை. ஒரே ஒரு தடவையாவது போய்விட வேண்டும் என்று தினமும் மனசு அடித்துக்கொள்கிறது. கடையை விட்டு நகர முடியாத சக ஜீவன்களே, உங்களுக்கு மட்டும்தான் இது புரியும்.

ஆளுக்கொரு சுவெட்டர்

"கொழும்பில் வியர்த்துக் கொட்டும், பருத்தித் துணி போதும். கோயிலுக்குப் போக மட்டும் தோளும் முழங்காலும் மறைகிற உடுப்பு வேண்டும்" என்று எல்லோரிடமும் படித்துப் படித்துச் சொல்வேன். குடும்பத்தோடு கிளம்பிய, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவரும் தலையாட்டிவிட்டுத்தான் போனார். கிளம்பும் அன்று பெட்டியைத் தூக்கினால் கல்லாய்க் கனக்கிறது. உள்ளே ஆளுக்கொரு சுவெட்டர், குல்லா!

அடிவாரம் இறங்கினாலே கழற்றிவிடுவீர்களே, இது எதற்கு என்று கத்தினேன். அவர் அசரவில்லை.

"போறதுக்கு வேண்டாமுங்க. திரும்பி வர்றப்ப மலை ஏறோணுமில்லீங்க?"

கரையிலிருந்து போன்

சிவப்புக் கொடி பறந்தால் கடலில் கால் வைக்கக்கூடாது என்பது என் இன்னொரு யோசனை. பக்கத்துச் செம்மநத்தத்து விவசாயி ஒருவர் இலங்கைக் கடற்கரையில் நின்றுகொண்டே எனக்குப் போன் செய்தார். கொடி சிவப்பாக இருக்கிறதாம், இறங்கவில்லையாம். பேச்சுக்கு நடுவே அலைச் சத்தம் கேட்டது. எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. கடல் எப்படி இருக்கிறது என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"உங்களுக்குத் தெரியாததுங்களா அம்மிணி? நீங்க சொன்னாப்பலயேதான் இருக்குதுங்க."

நுவரெலியா

ரோஸ்லின் டீச்சர் ரிட்டயர் ஆனவர். எனக்கே பாடம் எடுத்தவர். அவருடைய பயணத்தில் நுவரெலியாவையும் ஆசையாகச் சேர்த்துவிட்டேன். பிளேன் இறங்கி, சேலத்தில் பஸ் பிடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் பெட்டியோடு நேராக என் ஆபீசுக்கு வந்து நின்றார்.

"குளிரு, ஏரி, போட்டிங்கு, வளைஞ்சு வளைஞ்சு ரோடு. ஏங்கண்ணு, ஏற்காட்டக் காட்டறதுக்கா என்னையப் பிளேன்ல ஏத்துனே?"

காலி சீட்

அடுத்த வாரம் ஒரு கூட்டம் கிளம்புகிறது. அதில் ஒருவர் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். பாவம்தான். ஆனால் ஒரு சீட் காலி என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜீப் ஓட்டும் என் கணவரிடம் சொன்னால், சீசன் நேரத்தில் ஆபீசை யார் பார்ப்பது என்கிறார். டிக்கெட்டை ரத்து செய்வதா, என் பெயரில் போடுவதா என்று கதவுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

வாசலில் நின்று இதைப் பார்த்த ரோஸ்லின் டீச்சர் விஷயத்தைக் கேட்டார். பிறகு உள்ளே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஆபீசைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வருகிறவர்களுக்கு என்ன டீச்சர் சொல்வீர்கள் என்று இழுத்தேன்.

"போவாமயே நீ இத்தன வருசமாச் சொல்றே. போயிட்டு வந்தவ நான் சொல்லக்கூடாதா கண்ணு?"

ஊருக்கெல்லாம் யோசனை சொன்னவள் இப்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன், அடியில் ஒரு சுவெட்டரையும் வைத்து.