அக்கா படித்த லத்தீன்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். அக்காவின் நற்குணங்களை மட்டும் எழுதச் சொன்னார்கள். என் குணத்தை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

கனகம்மாசத்திரம் பேருந்து நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்த நைனாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். ஒருத்தியைத்தான் கல்லூரிக்கு அனுப்ப முடியும் என்றானபோது, "அவளே போவட்டும் நைனா, நல்லா படிக்கிறா" என்று சொல்லிவிட்டு அக்கா நர்ஸ் பயிற்சியில் சேர்ந்தார். நான் தமிழாசிரியை ஆனேன். எங்கள் குடும்பத்தில் மொழி என்றால் அது எனக்கு உரியது என்றே நினைத்திருந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் திருத்தணியில் அடுத்தடுத்த தெருவில் இருந்தோம். அரக்கோணத்தில் ஒரு மருத்துவமனைக்கு ரயிலில் போய்வந்த அக்கா, ஐம்பது வயதுக்கு மேல் லத்தீன் படிக்கத் தொடங்கினார். எலும்புகளின் பெயருக்கு அர்த்தம் தேடப் போனவர், செல்போனில் நடந்த ஒரு வகுப்பில் சேர்ந்து, சில ஆண்டுகளில் ரோமானியரின் புராணக் கவிதைகளை மூலத்திலேயே வாசித்தார். அதே மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலைபார்த்த ஷமீமும் கூடப் படித்தார். ரயிலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, தொடையில் தட்டிக் கவிதை அடிகளின் குறில் நெடில் எண்ணிக்கொண்டு போவார்கள்.

"நம்ம வேற்றுமை உருபு மாதிரிதான்டி. வார்த்தை எங்க வேணா நிக்கும். கடைசி எழுத்தப் பாத்தா யாரு யாரை அடிச்சான்னு தெரிஞ்சுடும்" என்று ஆசையாகச் சொன்னார். வேற்றுமையை எனக்கே சொல்லித்தருகிறாரே என்று வயிறு எரிந்தது.

அந்தக் கவிதைகளுக்கு அவர் செய்த தமிழாக்கத்தை வாசிக்கச் சென்னையிலிருந்து ஒரு கல்லூரி அழைத்தது. முதலில் எனக்கு வாசித்துக்காட்டினார். உடன்பிறந்தவள்மேல் பொறாமைப்பட்ட ஒருத்தி, அவள் அறை வாசலிலேயே கல்லாகிப்போகும் கதை. நான் எழுதியிருக்க வேண்டிய தமிழ் அது.

"படிச்சவங்க முன்னாடி போய் நிக்காதக்கா. சிரிப்பாங்க" என்றேன்.

அக்கா தாளை மடித்து வைத்தார். சென்னைக்குப் போகவில்லை.

கடைசி மாதங்களில் அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. ஞாயிறுதோறும் ஷமீம் வந்து கவிதை படித்தார். மருந்து கொடுத்ததும் குளிப்பாட்டியதும் நான்தான். ஆனால் ஷமீமின் குரல் கேட்டால்தான் அக்காவின் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட்டேன். உன் தமிழ் நல்லா இருந்ததாலதான் அன்னிக்கு சிரிப்பாங்கன்னு சொன்னேன் என்றேன்.

"தெரியும். உன் மூஞ்சி சுருங்கிச்சு பாரு, அப்பவே நல்லா வந்துருக்குதுன்னு தெரிஞ்சுகினேன்."

"அப்புறம் ஏன் போவல?"

"நீ கூட வரமாட்டியே."

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும், அந்த மாதங்களில் சோறு கொடுத்தனுப்பிய அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஷமீம் அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அக்காவின் விருப்பப்படி அவருடைய லத்தீன் நோட்டுகள் எல்லாம் இப்போது ஷமீமிடம்தான் இருக்கின்றன. இதை எழுதும்போதும் எனக்கு அவர்மேல் பொறாமையாகத்தான் இருக்கிறது.