முற்றத்து ஜல்லியும் சாயர்புரத்துப் பாதங்களும்

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், எங்கள் முற்றத்தில் இனி மழைநீர் தேங்காது.

உலகச் சண்டை முடிந்தும் சிமெண்ட் கிடைக்கவில்லை. கல் பரப்பலாம் என்ற அப்பா, கூழாங்கல் போதும் என்றார்.

"அது உருளும்ப்பா. கருங்கல் ஜல்லிதான் ஒண்ணையொண்ணு கடிச்சுக்கிட்டு நிக்கும்" என்று வாதாடி ஜெயித்தேன்.

இன்று ஜல்லி பரப்பிக் குடம் குடமாக ஊற்றினேன். ஒரு சொட்டுகூடத் தேங்கவில்லை!

"ஏலே, இஞ்சினீயரு!" என்றார் எதிர்க்கடை அண்ணாச்சி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் அக்காவைப் பெண் பார்க்கச் சாயர்புரத்திலிருந்து வருகிறார்கள்.

அக்கா கேட்டாள்: "அவுக தெருவாசல்லயே செருப்பக் கழத்திருவாகளே. இதுல வெறுங்கால்ல எப்படில வருவாக? நீ நடந்து காட்டு பாப்போம்."

பஸ் வருவதற்குள் யாராவது கோணிச்சாக்கு கொடுத்தனுப்புங்கள், விரிக்க வேண்டும்.

நடந்து காட்டினேனா? பாதி முற்றத்தில் நின்று அலறினேன். அப்பா செருப்போடு வந்து என்னை இடுப்பில் தூக்கிப் போனார்.