சாறிப் பையும் சிவப்புக் கோடும்

கொழும்பில் எங்கே குளிர் என்று சிரிப்பவர்களை, ஆனி மாத மழையில் காலை ஏழு மணிக்கு மறீன் டிரைவில் சைக்கிளில் ஏற்றிவிட வேண்டும். கடற்காற்று மழையைப் பக்கவாட்டில் அள்ளிவந்து காதுக்குள் ஊற்றும். பெட்ரோலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருடம், ஐந்தாம் வகுப்புக்காரியான நான் அம்மாவின் கரியரில் குந்தியபடி வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்குத் தினமும் பல் கிடுகிடுக்கப் போய்வந்தேன்.

அம்மாவுக்கு அப்போதுதான் என் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே வரவுப் புத்தகத்தில் சரியாக ஏழரைக்குச் சிவப்புக் கோடு ஒன்று இழுப்பார்கள். கையெழுத்து அதற்குக் கீழே விழுந்தால் பிந்தி வந்தவர். பஸ் கிடைக்காமல் அம்மாவின் கையெழுத்து இரண்டு தரம் கீழே போய்விட்டது. மூன்றாவது தரமும் போனால் நிரந்தரத்தை மறந்துவிடலாம் என்று உப அதிபர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்று பின்னேரமே அம்மா, பக்கத்து வீட்டில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளைக் கேட்டு வாங்கிவந்தார்.

சாறியோடு மழையில் சைக்கிள் ஓட முடியுமா? கட்டாரில் வேலை செய்யும் அப்பா விட்டுப்போன ஜீன்ஸை அப்பாவின் பெல்ட்டாலேயே இறுக்கி, அதன் மேல் மழைக்கோட்டும் மழைக் காற்சட்டையும் போட்டு, காலில் ரப்பர் செருப்போடு அம்மா புறப்படுவார். தலையில் அப்பாவின் பழைய ஹெல்மெட். முகத்தில் மாஸ்க். மழை முகத்தில் அடிக்காமலிருக்கத்தான் மாஸ்க் என்று நினைத்திருந்தேன். வெயில் எறித்த நாட்களிலும் அம்மா அதைக் கழற்றவில்லை. என்ன முன்னெச்சரிக்கை என்று மெச்சிக்கொண்டேன்.

பெரியம்மாவுக்குத்தான் இது பிடிக்கவே இல்லை. “சாறி கட்டுற மிஸ் ஒராள், ஆம்பிளையின்ர ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு சைக்கிள்ல போறதோ? சனம் பார்த்தா என்ன கதைக்கும்?” என்று வீட்டுக்கே வந்து கேட்டார். அதற்குப் பிறகு சந்தியில் பெரியம்மாவின் குடை தெரிந்தால் போதும், அம்மா தலையைக் குனிந்து மிதிக்கிற மிதியில் நான் கரியரிலிருந்து விழப்பார்ப்பேன்.

சாறிப் பை என் பொறுப்பு. முதல் நாள் பின்னேரமே சாறி, பிளவுஸ், உள்பாவாடை, ஊசிகள், துவாய் எல்லாவற்றையும் இரண்டு பொலித்தீன் பைகளில் கட்டி வைப்பேன். காலையில் அதை என் மழைக்கோட்டுக்குள் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்வேன். ஆசிரியைகளின் குளியலறையில் பத்தே நிமிடத்தில் அம்மா மிஸ் ஆகிவிடுவார்.

மழை கொட்டு கொட்டென்று கொட்டிய ஒரு நாள், வழியில் செயின் வேறு கழன்றுவிட்டது. பள்ளிக்கூடக் கேற்றடிக்கு வந்தபோது ஏழு இருபது. குளியலறைக்குள் ஓடி, மழை உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அம்மா பையை அவிழ்த்தார். இரண்டு தரம் உதறினார்.

“உள்பாவாடை எங்க பிள்ளை?”

கதிரையில். வீட்டில். வைத்துவிட்டேனா என்று அம்மா கேட்டதற்குத் திரும்பிப் பாராமலே “ஓம்” சொன்னவள் நான்தான். உள்பாவாடை இல்லாவிட்டால் சாறியை எதில் செருகுவது? அம்மாவின் வேலையை நானே தொலைத்துவிட்டேன் என்று நினைத்து, ஐயோ, வாய்விட்டு அழத் தொடங்கினேன்.

அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து ஜீன்ஸைப் பார்த்தார்.

“அழாத. ஊசியை எடு.”

ஜீன்ஸை முழங்கால்வரை மடித்தார். பெல்ட்டை இன்னொரு துளைக்கு இறுக்கினார். சாறியை அதற்குள்ளேயே சுற்றிச் செருகினார். பெல்ட்டின் இரும்பைக் கொசுவம் மறைத்தது. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஊசிகளை நீட்டினேன். பிறகு ஒரே ஓட்டம். உப அதிபர் கோடு இழுக்க அடிமட்டத்தைப் புத்தகத்தில் வைத்துவிட்டிருந்தார். அம்மா கையெழுத்திட்டார். அதற்கு நேர் கீழே சிவப்புக் கோடு விழுந்தது.

உப அதிபர் நிமிர்ந்து அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“இண்டைக்குச் சாறி நல்ல வடிவா நிக்குது மிஸ்,” என்றார்.

வீடு திரும்பும்போது மறீன் டிரைவில் அம்மா திடீரென்று சைக்கிளை நிறுத்தினார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடினேன். அம்மா ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். “வடிவா நிக்குதாமடி!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றுதான் தெரியவில்லை.

மறுநாள் அம்மா மாஸ்க் இல்லாமல் சைக்கிளை எடுத்தார்.

“அம்மா, மாஸ்க்!” என்று அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

“இனி வேண்டாம்.”

“மழை பெய்தா?”

“பெய்யட்டும்.”

சந்தியில் பெரியம்மாவின் குடை தெரிந்தது. அம்மா தலையைக் குனியவில்லை. மணியை இரண்டு தரம் அடித்து, “அக்கா, போட்டு வாறன்!” என்று தெருவே கேட்கக் கத்தினார்.

நான் மட்டும் கவனமாக இருந்தேன். உள்பாவாடையில் பட்டது போதாதா? அன்றிலிருந்து பையில் முதலில் வைத்தது அந்த மாஸ்க்கைத்தான். அம்மாவுக்கு நிரந்தரக் கடிதம் வந்த அன்றும் அது பையின் அடியில்தான் கிடந்தது. ஒரு நாளாவது அம்மா அதைக் கேட்க வேண்டுமே! ஞாபகமறதி எனக்கு அம்மாவிடமிருந்துதான் வந்திருக்கிறது என்று அப்பாவுக்குப் போனில் முறைப்பாடு செய்தேன்.