மாப்பிள்ளைக்குப் பொருந்திய கட்சி

எனக்குப் புதுச்சேரி சட்டசபைத் தேர்தலில் ஓட்டு கிடையாது. லாஸ்பேட்டையில் பிறந்து இங்கேயே தலை நரைத்தும், எங்கள் தெருச் சாக்கடையை யார் பார்த்துக்கொள்வது என்று தீர்மானிக்கிற உரிமை எனக்கில்லை. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த சொல்தா. அதனால் நானும் பிரெஞ்சுக் குடிமகன். இரண்டே தடவை போய்ப் பார்த்த நாட்டுக்கு, இங்கே தூதரகத்தில் வரிசையில் நின்று ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறேன். இந்தக் கூத்தை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்புவதில்லை.

முன்பெல்லாம் அப்பா போட்ட கட்சிக்கே போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து வயிறு முட்டச் சாப்பிட்டுத் தூங்குவேன். இந்த முறை அப்படி முடியவில்லை. மகள் பாரீசுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். கல்யாணமான மூன்றாம் வாரமே லீவு முடிந்து போய்விட்டாள். அவள் புருஷன் இந்தியக் குடிமகன். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஏழு மாதமாகியும் அவருக்கு விசா வந்தபாடில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, "எதனா தெரிஞ்சுதா மாமா?" என்பார். எனக்கு என்ன தெரியும்? அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

தேர்தல் நெருங்கியபோது மகள் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள். "பப்பா, தாத்தா போட்டாருன்னு நீங்களும் போடாதீங்க. இதுல கேக்கற கேள்விக்குப் பதில் சொல்லுங்க. உங்களுக்கு ஒத்து வர்ற கட்சிய அதுவே காட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். அணுமின் நிலையம், ஓய்வு பெறும் வயது, ஐரோப்பிய ராணுவம் என்று பிரெஞ்சில் கேட்டுக்கொண்டே போனது. பாதிக் கேள்விக்கு 'கருத்து இல்லை' என்று அமுக்கினேன். 'வேலையில் உள்ளூர் மக்களுக்கே முதலிடம் தர வேண்டும்' என்று ஒன்று வந்தது. அப்பாடா, நமக்குத் தெரிந்த விஷயம் என்று 'முழுச் சம்மதம்' கொடுத்தேன். 'வெளியிலிருந்து வருகிறவர்களைக் குறைக்க வேண்டும்' என்றது இன்னொன்று. சனி ஞாயிறானால் கடற்கரைப் பக்கம் நடக்கக்கூட விடாமல் காரை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அதற்கும் முழுச் சம்மதம்.

கடைசியில் எனக்கு எண்பத்தொரு சதவீதம் ஒத்துப்போவதாக ஒரு கட்சியைக் காட்டியது. வெளிநாட்டு மாப்பிள்ளை மருமகள் யாரும் இனி உள்ளே வரக் கூடாது என்று மேடைக்கு மேடை கத்துகிற கட்சி. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. கேள்வி கேட்டவன் பாரீசில் இருக்கிறான், நான் லாஸ்பேட்டையில் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறேன். புத்தியைக் கழற்றி வைத்துவிட்டா உட்கார்ந்தேன்?

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வந்தார். என்னவென்று கேட்டுவிட்டுத் தானும் செய்து பார்க்கிறேன் என்றார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் பதில் சொன்னார். அந்தக் கேள்வி வந்தது.

"இதுல என்னா மாமா கேள்வி? உள்ளூரு ஆளுங்களுக்குத்தான் மொதல்ல குடுக்கணும். எங்க கம்பெனியில நம்ம ஊரு ஆளுங்க எல்லாம் கான்ட்ராக்ட், வெளிய இருந்து வந்தவன் பர்மனென்ட்."

"மாப்ள, இது பிரான்ஸப் பத்திக் கேக்கறாங்க."

"எந்த ஊரா இருந்தா என்னா மாமா? நியாயம் ஒண்ணுதான?"

அவர் சொன்னபடியே அமுக்கினேன். அதே கட்சி வந்தது. என்னைவிட ஆறு சதவீதம் கூடுதலாக.

அவருக்கு ஒரே சந்தோஷம். "நல்ல கட்சிதான் போலருக்கு. எனக்குத்தான் அங்க ஓட்டு இல்ல. எனக்கும் சேத்து நீங்க போட்டுடுங்க மாமா."

மறைக்கத்தான் நினைத்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது என்று சொல்லிவிட்டேன். "அவங்க வந்தா உங்கள உள்ள வுட மாட்டாங்க மாப்ள."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஃபோனை என் பக்கம் தள்ளினார்.

"முதல்ல இருந்து திரும்பக் கேளுங்க மாமா. என்னா சொன்னா உள்ள வுடுவாங்களோ, அதையே சொல்றேன்."