தாளித்த பச்சடி

கல்யாணம் முடிந்து இருபது வருடமாகியும் கணவரின் அக்கா, அதாவது என் மச்சாள், எங்கள் வீட்டில் ஒரு வாய் சோறு தின்றதில்லை. என் பிறந்த வீட்டார் மலையகத் தோட்டங்களில் இருந்து வன்னிக்கு வந்த சனம். கணவர் வீட்டார் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்தவர்கள். ஒரே குளத்துத் தண்ணீரில்தான் எல்லாரும் வயல் செய்கிறோம். ஆனால் எங்கள் அடுப்பில் ஏறியது அவர்களுக்கு ஆகாது. இளநீர் வெட்டினால் குடிப்பார்கள். வாழைப்பழம் தின்பார்கள். மூடி திறக்காத சோடா என்றால் இன்னும் நல்லது.

போன சித்திரையில் மகள் பல்கலைக்கழகத்துக்கு, கம்பஸுக்கு எடுபட்டாள். ஒரு ஞாயிறு பின்னேரம் சொந்தக்காரரைக் கூப்பிட்டோம். மச்சாள் ஒட்டுசுட்டானில் இருந்து போன் எடுத்தார்.

"இந்த வெக்கைக்குள்ள நீர் அடுப்படியில நிண்டு கரையாதையும். பச்சையா நாலு மரக்கறியை வெட்டி வையும், அதுவே காணும்."

எனக்கு விளங்கியது. பக்கத்தில் நின்று கேட்ட மகளுக்கு விளங்கவில்லை. "மாமிக்கு உங்களில எவ்வளவு அக்கறை பாருங்கோ" என்றாள். இந்த அசிங்கம் தெரியாமலே அவள் வீட்டை விட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அதனால் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அவளும் நானுமாகத்தான் எல்லாம் செய்தோம். வெள்ளரிக்காயை வட்டமாக வெட்டி மேலே வல்லாரைச் சம்பல் வைத்தோம். கரட்டைத் துருவித் தேங்காய்ப்பூ போட்டுத் தேசிக்காய் பிழிந்தோம். தக்காளியைக் குடைந்து சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் நிரப்பினோம். கடைசியாக ஒரு சட்டி தயிர்ப் பச்சடி. தயிர் கடையில் வாங்கியது. அந்தப் பாலைக் காய்ச்சியது யாருடைய அடுப்பு என்று இவர்கள் ஒருநாளும் கேட்பதில்லை.

என் அம்மா அடுத்த தெருவில் தனியாக இருக்கிறார். மத்தியானம் உதவிக்கு வந்தார். ஏன் ஒன்றும் சமைக்கவில்லை என்று அவருக்கு நான் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது? நான் குளித்துவிட்டு வர, குசினியில் கடுகு வெடிக்கும் சத்தம்.

"என்னம்மா செய்றீங்க?"

"பச்சடி வெறுந்தயிராட்டம் கெடந்துச்சு புள்ள. தாளிக்காம வச்சா வந்தவங்க சிரிக்க மாட்டாங்களா?"

கறிவேப்பிலையும் கடுகும் எண்ணெயோடு மேலே மிதந்தன. சட்டியை ஒளித்து வைத்திருக்கலாம். அம்மாவின் முகத்தில் அவ்வளவு திருப்தி. விட்டுவிட்டேன்.

மச்சாள் ஆறேழு பேரோடு வந்தார். வெள்ளரிக்காயில் நாலு வட்டம் தின்றார். "பிள்ளை வெட்டினதோ? அளவுகோல் வச்சு வெட்டின மாதிரி இருக்கு. கம்பஸுக்குப் போக முதலே எஞ்சினியரா?" என்று சிரித்தார். மகளுக்குத் தலைகால் தெரியவில்லை. ஓடிப்போய்ப் பச்சடியை எடுத்துவந்து அவருடைய தட்டில் விட்டாள்.

மச்சாள் கரண்டியால் கடுகைத் தட்டிப் பார்த்தார். "இது தாளிச்சதோ?"

"ஓம் மாமி. அம்மம்மா தாளிச்சவா. சாப்பிட்டுப் பாருங்கோ, நல்லா இருக்கும்."

"எனக்குத் தயிர் ஒத்துவராது பிள்ளை."

தட்டை அப்படியே கதிரைக்குக் கீழே வைத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தட்டுகளைக் கீழே வைத்தார்கள். என் மனுசன் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் என்னைப் பார்த்தாள்.

இருபது வருடக் கோபம் என் நெஞ்சில் இருந்தது. அதை அந்த இடத்தில் கொட்டியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு.

"அம்மாதான் மச்சாள். சொல்லச் சொல்லக் கேக்காமல் தாளிச்சுப் போட்டா."

பொய். நான் அவரிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. அம்மா குசினி வாசலில்தான் நின்றார். கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பின்பக்கத்தால் இறங்கிப் போனார். மகள் அவருக்குப் பின்னால் ஓடினாள். சனம் எல்லாம் போன பிறகுதான் திரும்பி வந்தாள். வந்தும் என்னோடு கதைக்கவில்லை. எது அவளுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேனோ, அதை நானே காட்டிக்கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு அம்மாவிடம் போனேன். வழமையாக நான் போனால் சுடச்சுட ரொட்டி தருவார். அன்றைக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஒரு வாழைப்பழமும் மூடி திறக்காத சோடா ஒன்றும் வைத்தார்.

"சாப்பிடு புள்ள. இது அடுப்புல ஏறாதது."

அம்மாவுக்குக் குத்திக்காட்டத் தெரியாது. உண்மையாகவே எனக்காகக் கவனம் எடுத்திருந்தார். குசினியில் ரொட்டி சுட்ட மணம் இருந்தது. ஒண்ணு தாங்க என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.