அழுத்தக்காரி

தோற்க மறுக்கிறவர்களுக்குத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆளைப் பார்த்துத்தான் சொல்லை எடுத்துக் கொடுப்பார்கள். ஆம்பிளையாக இருந்தால் ரோஷக்காரன், வைராக்கியம் உள்ளவன். எத்தனை தடவை படுத்தாலும் எழுந்து ஓடுகிற மில் லாரிக்குக் கெட்டி வண்டி என்று பெயர். வெட்ட வெட்டத் தழைக்கிற வேலிகாத்தான் முள்ளுக்குச் சனியன். அதே குணம் ஒரு பொம்பளைக்கு இருந்துவிட்டால் திமிர், வீம்பு, கொழுப்பு, அடங்காப்பிடாரி. என் அம்மாவுக்கு ஊர் கொடுத்த பட்டம் அழுத்தக்காரி. நானும் கொஞ்சம் பெருமையாகவே அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் அம்மாவுக்கு வேலை. அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் கொட்டி, வெயிலில் வெறுங்காலால் கிளறிக்கொண்டே நடக்க வேண்டும். காய்ந்ததும் பெரிய பலகையை வைத்து நெல்லை ஒதுக்குவார்கள். ஒருத்தி பலகையை அழுத்திப் பிடிக்க, இரண்டு பேர் கயிறு கட்டி இழுப்பார்கள். மாடு செய்கிற வேலை. நைனா பாம்பு கடித்துச் செத்தபோது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் அம்மா பிடித்த கயிறு அது.

கோபம் வந்தால் அம்மா கத்த மாட்டாள். வாயை மூடிக்கொள்வாள். சோறும் தண்ணியும் இறங்காது. நைனாவின் காரியம் முடிந்ததும் ஊத்துக்கோட்டையிலிருந்து மாமா வந்து, "எங்க ஊட்டோட வந்துடு" என்று உட்கார்ந்துகொண்டார். அம்மா இரண்டு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் மாமாவே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அந்தக் கதையைச் சொல்லித் தெருவே சிரிக்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில், நான் ஒன்பதாவது வந்த வருஷம், பலகையில் துருத்திக்கொண்டிருந்த துருப்பிடித்த ஆணி அம்மாவின் பாதத்தில் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பி, துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி கயிற்றைப் பிடித்தாள். "ஊட்டுக்குப் போம்மா" என்று மேஸ்திரி சொல்லியும் கேட்கவில்லை. அவள் நின்றால் அந்த இடத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். எங்கள் தெருவில் அதுதான் வழக்கம். ஆத்தாள் கயிற்றுக்கு மகள் வருவாள்.

ஒரு வாரம் நொண்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு நாள், சொல்லாமல் மில்லுக்குப் போய் அவள் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி இழுத்தேன். அத்தனை பேர் முன்னால் என் சடையைப் பிடித்து வீடுவரை இழுத்து வந்தாள்.

"நான் உசுரோட கீற வரைக்கும் நீ களத்துல காலு வெக்கக்கூடாது. படி."

"படிச்சு இன்னாத்தக் கிழிக்கப் போறேன்? நீ நொண்டிக்கினு போறத நான் பாத்துக்கினு இருக்கணுமா?"

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் எதற்குமே சொல்லவில்லை.

மறுநாள் காலை கூழை ஒரு வாய் வைத்துவிட்டு ஒதுக்கினாள். பேசாமலே வேலைக்குப் போனாள், பேசாமலே திரும்பினாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"உங்கம்மாவப் பத்தித் தெரியாதா? அழுத்தக்காரி. மூணு நாள்ல தானா எறங்கி வரும். நீ போயி கெஞ்சிக்கினு நிக்காத, உட்டுடு."

விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் அம்மா வேலைக்குப் போகாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டேன், கழுத்தைத் திருப்பவில்லை. கஞ்சியை நீட்டினேன், வாங்கவில்லை. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, என்னைப் பார்த்து இளக்காரமாகச் சிரிக்கிற மாதிரி இருந்தது. எனக்கு மண்டைக்கு ஏறியது.

"சிரிக்கிறியா? பேசாத. இப்பிடியே வீம்பு புடிச்சிக்கினு செத்துப்போ. நான் களத்துக்குத்தான் போவேன்."

சொல்லிவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வீசினேன். அந்தச் சத்தத்துக்கு அம்மாவின் உடம்பு தூக்கிப்போட்டது. தலையும் குதிகாலும் தரையில் ஊன்றி, முதுகு வில்லாக வளைந்து மேலே எழும்பியது. பல் கிட்டித்து, வாயோரம் நுரை. நான் போட்ட கூச்சலில் தெரு ஓடி வந்தது.

மாட்டு வண்டியில் ஸ்டேஷனுக்கும், அங்கிருந்து ரயிலில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். டாக்டர் பாதத்தைப் பார்த்தார், தாடையை அழுத்திப் பார்த்தார். ஆணிக் காயத்தில் வந்த ரணஜன்னி, டெட்டனஸ் என்றார்.

"எப்போலேர்ந்து வாய் தொறக்கல?"

"முந்தாநாளுலேர்ந்து சார்."

"அப்பவே ஏம்மா கூட்டிட்டு வரல?"

"எம்மேல கோவம்னு நெனைச்சிக்கினு இருந்தோம் சார்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வேறு எந்த வீட்டுப் பொம்பளையின் வாய் அப்படிப் பூட்டிக்கொண்டிருந்தாலும் முதல் நாளே தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம். பக்கத்து வீட்டு அக்கா ஓடியிருப்பாள், மேஸ்திரிகூட ஓடியிருப்பார். எங்கள் எல்லோரிடமும் அம்மாவுக்கென்று ஒரு சொல் தயாராக இருந்தது. அதை எடுத்து அவள் மேல் போட்டு மூடிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம். அவள் பல்லைத் திறக்க முடியாமல், "வலிக்குது" என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல், எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலெல்லாம் மூடிய இருட்டறையில் அம்மாவைப் போட்டார்கள். வெளிச்சம் பட்டாலும் சத்தம் கேட்டாலும் இசிவு வந்துவிடும் என்று, வளையலைக் கழற்றிவிட்டு உள்ளே போகச் சொன்னார் நர்ஸம்மா. அவரிடம் கேட்டேன்.

"நாம பேசுறது எங்கம்மாவுக்குக் கேக்குமா?"

"நல்லா கேக்கும். இந்த நோவுல கடைசி வரைக்கும் நெனவு தப்பாது. மொதல்லேர்ந்து எல்லாம் தெரிஞ்சுகிட்டுதான் இருந்திருக்கும். நீ ஒண்ணும் பேசாத. உன் கொரலே அவங்களுக்கு ஆவாது."

ஐந்து நாள் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் கண் திறந்தே இருந்தது. என்னை மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவள் உடம்பு வளைந்தது ஞாபகத்துக்கு வரும், வாயை மூடிக்கொள்வேன். ஆறாம் நாள் காலையில், நான் ஒரு வார்த்தையும் பேசாமல் இருக்கும்போதே, அவள் செத்துப்போனாள்.