தூக்குக் கொட்டாய்க்கு வந்த குதிரை

நேற்றுக் காலை நாஸ்தா நேரத்தில் செய்தி வந்தது. சமையல் செய்யும் சாந்தி அக்கா கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு, "மிஸ்ஸு பூட்டாங்கடி" என்றார். நம் விடுதியின் வார்டன் எஸ்தர் மிஸ், செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் விடியும் முன்பே இறந்துவிட்டார். இங்கே படித்துப் போன அக்காக்களே, நாளை படிப்பறையில் நடக்கும் இரங்கல் கூட்டத்துக்கு வரும்போது இந்தத் தாள் அறிவிப்புப் பலகையில் இருக்கும். பெயர் போடமாட்டேன். விளக்கை அணைத்த பிறகு எழுதக் கூடாது என்பது மிஸ்ஸின் விதி. போர்வைக்குள் எழுதும் இப்போதும், அவர் வராந்தாவில் வருவதுபோலப் பயமாக இருக்கிறது.

நம் படிப்பறையை ஊரில் தூக்குக் கொட்டாய் என்பார்கள். வெள்ளைக்காரப் பட்டாளம் குதிரை பழக்கிய இடம் இது. லாயங்கள் இடிந்துபோக, இந்த ஒரு கட்டடம்தான் மிஞ்சியது. பிறகு நெல் மூட்டை அடுக்கினார்கள். அதற்கும் பிறகு நாம் வந்தோம். உத்தரத்தில் இரும்புக் கொக்கிகள் இருக்கின்றன. அடங்காத சிப்பாய்களை அங்கேதான் தூக்கில் போட்டார்கள் என்பது ஊர்க் கதை. கொக்கிகளுக்கு நேர் கீழே நான் அப்போதெல்லாம் உட்கார்ந்ததே இல்லை.

காலாண்டுத் தேர்வுக்கு முன்பு யாரோ அதை வீடியோ எடுத்து, பேய்ச் சிரிப்பும் சேர்த்துப் போனில் பரப்பிவிட்டார்கள். அச்சரப்பாக்கத்திலிருந்து என் அப்பா முதல் ஆளாக வந்து நின்றார்.

"இன்னா மிஸ்ஸு, பொண்ண படிக்க வுட்டா தூக்கு மேடையில குந்த வச்சிகினு கீறீங்க? பெட்டிய எடு பாப்பா. படிச்ச வரைக்கும் போதும்."

கடைசியில் அவர் சொன்னதைக் கேட்டதும், பெட்டியை எடுக்காமல் மிஸ்ஸின் பின்னால் போய் நின்றேன். என் அக்காவின் படிப்பும் இப்படித்தான் ஒன்பதாவதோடு நின்றது. இந்த வருடம் எனக்குப் பத்தாவது.

மிஸ் கோபப்படவில்லை. "அண்ணே, மேல பாருங்க. ஒரு ஆளைத் தூக்குல போட எத்தினி கொக்கி வேணும்?"

"ஒண்ணு."

"இங்க நாலு இருக்கு. அதுவும் கட்டில் கால் மாதிரி நாலு மூலைக்கு. எந்த ஊர்ல மனுசனுக்கு நாலு கழுத்து?"

அப்பா அண்ணாந்து கொக்கிகளை எண்ணினார். "ஞாயித்துக்கிழமை மறுபடி வாங்க. அப்பவும் மனசு கேக்கலன்னா கூட்டிக்கினு போங்க" என்றார் மிஸ்.

மிஸ்ஸின் தந்தை மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அந்த வீட்டில் வளர்ந்தவருக்குக் கொக்கிகளைப் பார்த்ததுமே ஏதோ புரிந்திருக்க வேண்டும். அந்த ஞாயிறு, பெற்றோர்கள் எல்லோரும் கூடியிருந்தபோது, மாமல்லபுரம் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றும் குதிரை ஒன்று குட்டி லாரியில் வந்து இறங்கியது. படிப்பறைக் கதவு ஏன் அத்தனை அகலம் என்று நாம் யாரும் கேட்டதில்லை. குதிரை அதில் தயங்காமல் நுழைந்தது. குதிரைக்காரர் பாஷா பாய் அதன் வயிற்றுக்கு அடியில் அகலமான பட்டையைக் கொடுத்து, முனைகளில் கயிறு கட்டி, நான்கு கொக்கிகளிலும் மாட்டினார். அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

"நோவு வந்து படுத்துச்சின்னா குதிரை எழுந்துக்காது," என்றார் பாய். "கால் ஊன்ற வரைக்கும் இப்டி தூக்கி நிறுத்தணும். அப்பதான் பொழைக்கும்."

"தூக்குனது நெசந்தான்," என்றார் மிஸ். "கழுத்தப் புடிச்சி இல்ல, வயித்தப் புடிச்சி. இது குதிரை ஆஸ்பத்திரி."

அந்த நேரம் பார்த்துக் குதிரை லத்தி போட்டது. எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொள்ள, "இந்த ரூமுக்கு இப்பதான் பழைய ஞாபகம் வந்திருக்கு" என்றார் மிஸ். அப்பாவே சிரித்துவிட்டார். "பொண்ணுங்க வாணாம், நான் வாரிக்கிறேன்" என்று லத்தியை வாரியதும் அவர்தான். வாரியது என் பக்கெட்டில். அன்று என் பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது.

அரையாண்டுக் கணக்குத் தேர்வில் நான் தோற்றேன். சாப்பிடாமல் படுத்துக் கிடந்தவளின் போர்வையை மிஸ் உருவினார். "படுத்தா எழுந்துக்காதுன்னு பாய் சொன்னாரில்ல? வா, வந்து கொக்கிக்குக் கீழ குந்து." அங்கே உட்கார வைத்து, நான் ஒரு கணக்கைச் சரியாகப் போட்டு முடிக்கும்வரை கூடவே இருந்தார்.

நேற்று ஆறாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி, "மிஸ்ஸும் இங்க பேயா வருவாங்களாக்கா?" என்று கேட்டாள். "வந்தா லைட்ட அணைன்னுவாங்க, வேற இன்னா பண்ணுவாங்க" என்றார் சாந்தி அக்கா. அழுதுகொண்டே சிரித்தோம். ஆனால் என் பயம் வேறு. மிஸ் இல்லாத விடுதியில் அப்பா என்னை விட்டுவைப்பாரா? அவர் வந்து சொல்லும் முன்பே பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன்.

இன்று மதியம் அடக்கத்துக்கு அப்பா வந்தார். கையில் சிவப்பு நிறத்தில் புது பக்கெட்.

"பழசுல லத்தி வாடை போவலன்னியே," என்று நீட்டினார். பிறகு படிப்பறைக்குள் போய், அண்ணாந்து பார்த்தார். "நாலும் கீது. நீ படி பாப்பா."

எனக்கு மூச்சு வந்தது. பெட்டியைப் பிரித்து, துணிகளை மறுபடியும் அலமாரியில் அடுக்கினேன்.

மிஸ்ஸிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு சொல். தூக்கு என்றால் இனி எனக்குக் கயிறு ஞாபகம் வராது. வயிற்றுக்கு அடியில் வந்த அந்தப் பட்டைதான் ஞாபகம் வரும். நாளைக் கூட்டத்தில் நான் யாரென்று தேடாதீர்கள், அக்கா. நான்கு கொக்கிகளுக்கும் நேர் கீழே உட்கார்ந்திருப்பேன்.